ஒரு சொட்டு அபிஷேகப் பால்

வியாழன், இரவு.

கோயிலில் நாத்தனார் அபிஷேகப் பாலை ஒரு சொட்டு குழந்தையின் வாயில் விட்டுவிட்டாள். பால் அவனுக்கு ஒத்துக்கொள்ளாது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

"சாமிப் பால்தானே, ஒண்ணும் செய்யாது" என்றாள்.

நான் அவனைப் பிடுங்குவதற்குள் உதடு வீங்கிவிட்டது. திரீவீலரில் பேராதனை ஆஸ்பத்திரிக்கு வரும் வழியெல்லாம் மூச்சு இழுத்தது. ஊசி போட்ட பிறகுதான் அழுவதற்கே குரல் வந்தது. இன்றிரவு இங்கேயே வைத்துப் பார்க்க வேண்டுமாம்.

சற்று முன் நாத்தனார் போனில் கோல் எடுத்தாள். "பாத்தியா, சாமிப் பால் உள்ள போனதாலதான் புள்ள பொழைச்சான். நாளைக்கு வெள்ளிக்கிழமை, இன்னும் கொஞ்சம் கொண்டாறேன்."

கதிரையைக் கட்டிலுக்கு முன்னால் இழுத்துப் போட்டுக் காவல் உட்கார்ந்திருக்கிறேன்.