டொரன்ஸ் ஐயா சொல்லாத வரி

பிலடெல்பியா
18 நவம்பர் 1797

அன்புள்ள ஜோத்தாமுக்கு,

கெசையா எழுதுவது. நான் நலம். நீங்கள் புத்தகம் விற்கப் போயிருக்கும் சார்ல்ஸ்டனில் குளிர் குறைவு என்கிறார்கள், ஆனாலும் கம்பளிச் சட்டையைக் கழற்றாதீர்கள். இங்கே மஞ்சள் காய்ச்சல் அடங்கிவிட்டது. ஊரைவிட்டு ஓடியவர்கள் திரும்பி வந்து கதவுகளைத் திறக்கிறார்கள். பன்றி இறைச்சியை உப்பிட்டு வைத்துவிட்டேன்.

போன வாரம் டொரன்ஸ் ஐயாவின் மகள் புரூடன்ஸ் அம்மாள் ஆள் அனுப்பினார். அப்பாவின் எழுத்தராக இருந்தபோது அவர் பேசப்பேச நீங்கள் குறித்துக்கொண்டு, பிறகு புத்தகமாக அச்சிட்ட அந்த நோட்டை ஒருமுறை பார்க்க வேண்டுமாம். மகள் கேட்பது நியாயம்தானே என்று உங்கள் பெட்டியைத் திறந்தேன்.

நோட்டைத் தூசி தட்டும்போது ஒரு தாளின் ஊடே ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது. காகிதத்துக்குள் புறா முத்திரை. என் அண்ணன் வேலை செய்யும் காகித ஆலையின் முத்திரை அது. அந்த ஆலை தொடங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. ஐயா இறந்து ஆறு வருடம். பழைய தாள்களிலிருந்து படி எடுத்திருப்பீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழைய தாள்களைத் தேடினேன். பரணில் இல்லை, மேசையில் இல்லை, எங்குமே இல்லை.

பிறகு உட்கார்ந்து நோட்டை முதலிலிருந்து படித்தேன். நாற்பத்தோராம் பக்கத்தில் கை நின்றுவிட்டது. நம் லிடியாவைப் புதைத்த மறுநாள், அவளுக்காகப் பாதி தைத்திருந்த கவுனை நான் கையில் எடுத்தேன். "அத உள்ள வையேன், கெசையா" என்றீர்கள். "தைச்சு முடிச்சிடறேன். எந்தக் குழந்தைக்காவது குளிருமில்ல" என்றேன். அறையில் நாம் இருவர் மட்டுமே இருந்தோம். அப்போது ஐயா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. நான் சொன்ன அந்த வரியை டொரன்ஸ் ஐயா தேசத்துக்குச் சொன்ன அறிவுரையாக எழுதி வைத்திருக்கிறீர்கள்.

புத்தகம் அச்சாகி வந்த அன்று எனக்கு வாசித்துக் காட்டினீர்களே, அந்தப் பக்கத்தை மட்டும் தாண்டிப் போயிருக்கிறீர்கள். மறதியா, பயமா?

செவ்வாய்க்கிழமை புரூடன்ஸ் அம்மாள் வந்தார். டீ கொடுத்தேன், தொடவில்லை. நோட்டைப் புரட்டியவர் அதே பக்கத்தில் நின்று என்னை நிமிர்ந்து பார்த்தார். "எங்கப்பா பொத்தான் அறுந்தாக்கூட ஆளைக் கூப்பிடுவாரு. அவரு தையலப் பத்திப் பேசினாராம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "அது நான் சொன்னதுங்க, என் பொண்ணு செத்தப்போ" என்று வந்துவிட்டது.

அவர் கத்தவில்லை. நோட்டை மூடினார். பிறகு, "மத்ததுல எங்கப்பா எத்தனை, உன் புருஷன் எத்தனை?" என்றார். தெரியாது என்றேன். அதுதான் உண்மை. நோட்டைக் கேட்டார், கொடுத்துவிட்டேன். "அவனே வந்து என் முன்னாடி சொல்லட்டும். கிறிஸ்துமஸ் வரைக்கும் பத்திரிகைக்கு எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நேற்று மீன் சந்தையில் ஒரு மாலுமியின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். புருஷன் கடலோடு போனபின் அந்தக் கவுன் வரிதான் தன்னை எழுப்பி உட்கார வைத்ததாம். "ஐயா எவ்ளோ பெரிய மனுஷன்!" என்று அழுதாள். எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் என்று தெரியவில்லை.

பழைய கடிதங்களையும் எடுத்துப் பார்த்தேன். திருமணத்துக்கு முன் நீங்கள் எனக்கு எழுதியவை. ஒவ்வொரு நல்ல வரியிலும், இது யார் யாரிடம் சொன்னது என்று தேடுகிறேன். இந்தப் புத்தி எனக்கு முன்பு இருந்ததில்லை.

ஆகவே இதற்குப் பதில் எழுத வேண்டாம். மூன்றாம் பதிப்பை யாருக்கும் விற்காமல் அடுத்த கப்பலில் புறப்பட்டு வாருங்கள். என் எதிரில் உட்கார்ந்து, திக்கித் திணறியாவது உங்கள் வாயால் பேசுங்கள். கடல் அமைதியாக இருக்கவும் ஆண்டவர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவரவும் மன்றாடுகிறேன்.

உங்கள் மனைவி,
கெசையா