குயவர் வாசலில் வாங்கிய அறை

அன்புள்ள மெலித்தா அக்காவுக்கு,

ஏதென்ஸ் குயவர் தெருவிலிருந்து, அம்மா சொல்லச் சொல்ல உன் தம்பி லூக்கோன் எழுதுவது. அதீனா தேவி தயவில் இங்கே எல்லோரும் நலம், சூளையும் நலம், என் முதுகு மட்டும் இன்னும் தேறி வருகிறது. அங்கே எகிப்தில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமா என்று அம்மா கேட்கிறாள். பிள்ளைகளை நைல் ஆற்றில் இறக்காதே, முதலைக்கு வாய் பெரிது என்கிறாள். அதைவிடப் பெரிய வாய் ஒன்று என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறது, நல்லவேளை அதற்குப் படிக்கத் தெரியாது.

அதீனா திருவிழாவின் தீப்பந்த ஓட்டத்தில் முதலில் வருகிறவன்தானே ஜெயிப்பான் என்று உன் பிள்ளைகள் கேட்டார்களாமே, வெளியூரில் பிறந்த பிள்ளைகள், பாவம். பந்தம் எரிந்துகொண்டே வரவேண்டும் என்று சொல். ஒவ்வொரு குலத்துப் பையன்களும் வழிநெடுக நிற்போம், ஒருவன் கையிலிருந்து அடுத்தவன் கைக்குப் பந்தம் மாறும், ஊருக்கு வெளியே தோப்பில் ஏற்றிய நெருப்பு குன்றின் மேல் அதீனாவின் பலிபீடம் வரை போகவேண்டும். வழியில் அணைந்தால் நீ பறந்து வந்தாலும் தோல்விதான். சரி, ஆமை மாதிரி வரலாமே என்றால், ஊருக்குள் நுழைகிற குயவர் வாசலில் நம் தெருக்காரர்கள் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்பார்கள், மெதுவாக வருகிறவன் முதுகில் பளார். அதில் அப்பாவை மிஞ்ச ஆளில்லை என்பது உனக்கே தெரியும், சூளையில் மோதிர விரல் போனபிறகும் அந்தக் கைக்கு வேகம் குறையவில்லை.

இந்த வருடம் கடைசிப் பந்தம் எனக்கு என்றதும் வீட்டில் போர் மூண்டது. "எம் புள்ளை முதுகுல உங்க கை பட்டுச்சுன்னு தெரிஞ்சா, இந்த அடுப்புல உங்களுக்குக் கஞ்சி வேகாது" என்று அம்மா அடுப்பின் மேலேயே சத்தியம் வாங்கிவிட்டாள். அப்பா தலையாட்டிவிட்டு வெளியே வந்தால் எதிர்ச் சூளை மோஸ்கோஸ் மாமா, "என்ன அண்ணே, ஊரான் புள்ளைன்னா கை நீளுது, சொந்தப் புள்ளை வந்தா வாதம் வந்துருமோ?" என்கிறார். போன வருடம் அவர் மகன் வாங்கிய அறை அவருக்கு இன்னும் வலிக்கிறது.

பொழுது சாயும்போது பந்தம் என் கைக்கு வந்தது, எங்கள் குலம்தான் கடைசி. நானும் அவசரப்படவில்லை, முன்னால் பறக்கிறவர்களைக் காற்று பார்த்துக்கொள்ளட்டும் என்று சுடரைக் கையால் மறைத்துக்கொண்டு கல்யாணப்பெண் மாதிரி நடந்தேன். "டேய் நத்தை, உங்கப்பன் சூளை ஆறுறதுக்குள்ள வருவியா!" என்று வாசலில் கைகள் விழுந்தன. கடைசியாக ஒன்று விழுந்தது பார், கண்ணில் நட்சத்திரம் தெரிய எடுத்தேன் ஓட்டம். சுடர் நீலப் பொட்டாகச் சுருங்கி, குன்றின் அடியில் மறுபடி மூச்சு வாங்கி எழுந்தது. முன்னே போன வீரர்களில் பாதிப்பேர் கையில் கரிக்கட்டை, மீதிப்பேரையும் ஏற்றத்தில் தாண்டிவிட்டேன். குலத்துக்குக் காளை, எனக்கு ஒரு தண்ணீர்க் குடம். குயவன் வீட்டுக்குக் குடம் பரிசு, சிரிக்காதே.

இனிமேல்தான் அப்பாவுக்குக் கஷ்டகாலம். ஜெயிக்க வைத்தது அந்தக் கடைசி அறைதான் என்று தெருவே பேச, மோஸ்கோஸ் மாமா, "அது எங் கைதான்!" என்று நெஞ்சை நிமிர்த்துகிறார். அப்பா வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, "நான் தொடவே இல்லை" என்று அம்மாவிடம் சாதிக்கிறார். அம்மா பரிசுக் குடத்தைக் கவிழ்த்தாள். சுடுவதற்கு முன் கருஞ்சாந்துப் பூச்சில் முக்கும்போது பிடித்த விரல்தடம் அடியில் இருக்குமே, அதில் மூன்று விரல், நடுவில் பல் விழுந்த மாதிரி ஓர் இடைவெளி, ஊர் வாங்கிப் பரிசு கொடுத்ததே அப்பா செய்த குடத்தைத்தான். பிறகு என்னைத் திருப்பி நிறுத்தினாள், முதுகில் சிவப்பாக அதே மூன்று, அதே இடைவெளி. "ரெண்டும் ஒரே கைச் சரக்கு" என்றாள்.

அப்பா கொஞ்சமாவது வெட்கப்பட்டார் என்கிறாயா? "ரெண்டுலயும் விரிசல் விழலை, பாத்தியா!" என்று ஒரு கையில் குடத்தையும் ஒரு கையில் என்னையும் இழுத்துக்கொண்டு மோஸ்கோஸ் மாமா வாசலுக்கு ஓடினார்.

பிள்ளைகள் வாடாமல் வளரட்டும், அத்தானின் கப்பல்களுக்கு நல்ல காற்று வீசட்டும் என்று அம்மா வாழ்த்துகிறாள். நீ அனுப்பிய உப்பு மீன் தீர்ந்துவிட்டது, அடுத்த கப்பலில் பெரிய ஜாடியாக அனுப்பு. இது அப்பா என் காதில் சொன்னது. அடுப்பேற்றாமல் தின்ன வேறு எதுவும் அவருக்கு இங்கே கிடைப்பதில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா,
அவளுக்காக எழுதிய வெற்றி வீரன் லூக்கோன்