உன் அளவில் தைத்த சீருடை

என் பெரியவனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் உனக்குப் பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை. நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாயா, அதை முதலில் எழுது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. சின்னவனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும், சொல்ல வராமல் இரண்டு கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஆறு மாதம் என்று படையோடு வெளிநாட்டுக்குப் போன உனக்கு மூன்று முறை கெடுவை நீட்டித்துவிட்டார்கள். மாற்று ஆள் வந்தால் விட்டுவிடுவார்கள் என்று நீயும் ஒவ்வொரு தடவையும் எழுதுகிறாய். இருக்கிற படையை நாலு நாட்டுக்குப் பிரித்து அனுப்பினால் ஆள் எங்கிருந்து வருவான்? என் தையல் கடைக்கு வந்து பார், தெரியும். முன்பெல்லாம் புதிதாகச் சேர்ந்தவர்கள் சீருடையை இறுக்கித் தரச் சொல்லி வருவார்கள். இப்போது ஓய்வு பெற்றுப் பத்து வருடமானவர்கள் பழைய கால்சட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்களாம். போன வாரம் வந்த பஸ் டிரைவருக்கு இடுப்பில் பிரித்துவிட உள்ளே துணியே மிச்சமில்லை, ஒட்டுப் போட்டேன். மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டே சண்டை போடுறேண்ணே என்று சிரித்தார், நானும் சிரித்துத் தொலைத்தேன்.

போன மாதம் சின்னவன் லேத் பட்டறையிலிருந்து நேராகக் கடைக்கு வந்தான். அண்ணன் வரப்போறான்பா, அவன் சீருடை நைஞ்சு போயிருக்கும், அவன் அளவுல ஒண்ணு தைச்சு வைங்க என்றான். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அளவு நோட்டில் உன் பக்கத்தைப் புரட்டி அன்றைக்கே வெட்டினேன். வழக்கம்போல காலரின் உள்பக்கம் உன் பெயரின் முதல் எழுத்தைச் சிவப்பு நூலில் போட்டேன். உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அளவு என்பது பெற்றவனுக்கு, அதுவும் தையல்காரனுக்கு, அந்த நேரத்தில் தோன்றவில்லையே. செவ்வாய்க்கிழமை காலை அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். தேவைப்பட்டால் கூப்பிடும் ரிசர்வ் பட்டியலில் இருந்த அவனையும் கூப்பிட்டுவிட்டார்களாம், மூன்று வாரமாக மறைத்திருக்கிறான். நான் போனா ஆள் கணக்கு சரியாயிடும், அண்ணனை விட்டுடுவாங்கப்பா என்றான். அம்மா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் தோள் தையல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன், வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அன்றைக்கே போய்விட்டான்.

வியாழக்கிழமை படை அலுவலகத்துக்குப் போய் நீ எப்போது வருவாய் என்று கேட்டேன். அங்கிருந்த குமாஸ்தா நல்ல மனிதர், இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் சொன்னார். சின்னவனை அனுப்பியது வேறு நாட்டுக்காம். உன் இடத்துக்கு ஆள் இல்லை, இன்னும் ஆறு மாதம். வீட்டுக்கு வந்ததும் என் முகத்தைப் பார்த்து அம்மாவே தெரிந்துகொண்டாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. சின்னவன்மேல் கோபப்படாதே. இரண்டு பேரும் முழுசாகத் திரும்பி வந்து என் முன்னால் அளவுக்கு நிற்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உங்களோடு இருக்கும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. தான் போனதால் உன்னை விட்டுவிட்டார்கள் என்றே சின்னவன் நம்பிக்கொண்டிருப்பான். அவனுக்கு நீ எழுதும் கடிதத்தை இங்கே அனுப்பு, வீட்டில் இருப்பதாகவே எழுது. நம் ஊர் தபால் முத்திரை விழும்படி நானே போட்டுவிடுகிறேன்.

உன் வழி பார்த்திருக்கும்
அப்பா