சுகன்யாவின் கதையில் நீ கேட்ட காரணம்

அண்ணனை விட்டு முந்திப் போன என் ராஜி,

உன் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கக் கொடுக்க வேண்டும். தேவாரத்துக்கும் உன் படத்துக்கும் பிறகு என்ன போடுவது என்று அச்சகத்தில் கேட்டார்கள். வெள்ளவத்தையில் இத்தனை வருடம் தமிழ் படிப்பித்தவளுக்கு ஒரு மாணவியின் கதைதான் சரி என்று பட்டது. நம் மேல்மாடியில் தாயோடு வாடகைக்கு இருக்கும் சுகன்யாவிடம் அவள் கதை எழுதும் கொப்பியை வாங்கினேன். வானத்தில் பறந்து ஆட்களைக் காப்பாற்றும் வீரனின் கதை. பதினோராம் பக்கம் வரை உன் சிவப்பு மை. அதற்குள் உன் இருதயம் நின்றுவிட்டது.

மிச்சத்தை நான் திருத்த உட்கார்ந்தேன். ஆணியும் பெயின்டும் விற்கிறவனுக்கு இந்த வேலை ஏன் என்று நீ சிரிப்பாய். 'இருபது எதிரிகளை அடித்தான்' என்ற வரியை வெட்டி, 'எண்ணிக்கை வேண்டாம், பயந்துபோன ஒருவனைக் காட்டு' என்று எழுதியிருந்தாய். அதைப் பார்த்துத்தான் பழகினேன்.

“பிள்ளை, உன்ரை ஆள் யாழ்ப்பாணத்திலையிருந்து பறந்து வாறான். கொழும்பிலை எந்த வீட்டிலை பதிஞ்சவன்?”

“அவர் பறப்பார் அங்கிள். அவருக்கு எதுக்குப் பொலிஸ் பதிவு?”

“பறக்கிறவனும் இறங்கத்தானே வேணும். இறங்கின இடத்திலை அடையாள அட்டை கேப்பாங்கள்.”

“அப்ப கடலிலை இறங்குவார்.”

“அங்கை நேவி நிக்கும்.”

சிரித்தாள். அவளுடைய அண்ணன் நிரஞ்சனைப் பொலிஸ் கொண்டுபோன பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அந்தப் பகிடியை எப்படி வாய் கூசாமல் விட்டேன்?

பதினோராம் பக்கத்தில், கதையில் வரும் அண்ணனையும் கொண்டுபோகிறார்கள். ஓரத்தில் நீ எழுதியது: 'ஏன்? காரணம் சொல்லாவிட்டால் வாசிக்கிறவன் நம்பமாட்டான்.'

“டீச்சர் கேட்டவ. எனக்குத் தெரியேல்லை. அம்மாட்டைக் கேட்டால் அழுறா. உங்களுக்குத் தெரியுமோ அங்கிள்?”

தாய்க்குத் தெரியும். என் வீட்டில் இருந்துகொண்டு மகளுக்கு எப்படிச் சொல்லுவாள்? எனக்கும் தெரியும். ஆனால் வியாபாரி வாய் அல்லவா. “ஆரோ காட்டிக்குடுத்ததெண்டு எழுது. கதை விறுவிறுப்பாப் போகும்” என்றேன்.

எழுதினாள். அடுத்த கிழமை முன்வீட்டு நோனா, உன் செத்தவீட்டுக்கு மூன்று நாளும் சோறு கொண்டுவந்த அதே சிங்களத்தி, வெட்டின பப்பாசிப் பழத்தைத் தட்டோடு நீட்டினாள். சுகன்யா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். “ஐ துவே?” ஏன் மகளே என்று நோனா கேட்கிறாள், இவள் திரும்பி மாடிப்படி ஏறுகிறாள். பிறகு கொப்பியைப் பார்த்தேன். காட்டிக்கொடுத்தவளுக்கு நோனாவின் மூக்குக்கண்ணாடி, நோனாவின் பூப்போட்ட சட்டை. வீரன் அவளைக் கூரையிலிருந்து கீழே போடுகிறான்.

அவளை இருத்திச் சொன்னேன். “பிள்ளை, ஒருத்தரும் காட்டிக்குடுக்கேல்லை. கொண்ணா நிரஞ்சன் யாழ்ப்பாணத்திலையிருந்து வந்த அடுத்த நாளே வீட்டுக்காரன் நான் பொலிஸ் படிவத்திலை அவன்ரை பேரை எழுதிக் குடுத்திருக்கவேணும். நான் போகேல்லை. சோதனைக்கு வந்தவங்கள் படிவத்தைப் பாத்தாங்கள். உன்ரை பேர் இருந்தது, கொம்மாவின்ரை இருந்தது. அவன்ரை இல்லை.”

“ஏன் போகேல்லை?”

“ஒருகொடவத்தைச் சுங்கத்திலை கடைச் சாமான் வந்து நிண்டது. நாளைக்குப் போவம், நாளைக்குப் போவமெண்டு நாலு நாள் போயிட்டுது.”

அவள் அழவில்லை. “டீச்சருக்குத் தெரியுமோ?” என்று மட்டும் கேட்டாள்.

அந்த நாலு நாளில் ஒரு காலை, “அண்ணா, நிரஞ்சனைப் பதிஞ்சாச்சோ?” என்று நீ கேட்டாய். “ஓம்” என்றேன். நம்பினாயா ராஜி? நம்பியிருந்தால் பதினோராம் பக்கத்து ஓரத்தில் ஏன் அந்தக் கேள்வி? பிள்ளைக்கு எழுதினாயா, எனக்கா?

சுகன்யா நோனாவை முழுதாக வெட்டிவிட்டு எழுதினாள்: 'வீட்டுக்காரர் பெயரைப் பதியவில்லை. அவருக்குக் கடையில் வேலை இருந்தது.' வீரன் என்னை என்ன செய்தான் என்று கேட்டேன்.

“ஒண்டும் செய்யேல்லை. உங்கடை கடை வாசலிலை வந்து நிக்கிறார். நீங்கள் எழும்பி வருவியளோ எண்டு பாத்துக்கொண்டு.”

அதற்குப் பிறகு கொப்பி வெள்ளை.

நிரஞ்சன் என் வீட்டில்தான் இருந்தான், பதியாதது என் பிழை என்று சத்தியக்கடதாசி தரச்சொல்லி அவனுக்காக வழக்காடும் சட்டத்தரணி கேட்டுக் கனநாள். என்னையும் உள்ளே போட்டால் கடை என்னாவது என்று தட்டிக்கழித்தபடி இருந்தேன். அவன் எந்த முகாமில் கிடக்கிறான் என்று தாய்க்கு இன்னும் தெரியாது.

திங்கட்கிழமை கடையைப் பூட்டிவிட்டுத் தாயைக் கூட்டிக்கொண்டு சட்டத்தரணியிடம் போகிறேன். கையெழுத்து வைப்பேன், ராஜி. இந்தமுறை சொன்னதைச் செய்வேன். அதை வைத்துப் பொலிஸ் என்னையும் பிடித்து, திருப்பி அனுப்பாவிட்டால், கதையோடு இந்தக் கடிதத்தையும் மலரில் வாசிக்கிற நம் சொந்தக்காரர் மேல்மாடிச் சனத்தை வீட்டைவிட்டு எழுப்பக்கூடாது. கதையை முடிவில்லாமலே அச்சிடச் சொல்லியிருக்கிறேன்.

உன்னோடு கூடப் பிறந்த
அண்ணன்,
கொட்டாஞ்சேனை