இரண்டாவது பொத்தான்

மார்ச் 4, செவ்வாய்

கண் மருத்துவரிடம் மூன்று மணி நேரக் காத்திருப்பு. சொட்டு மருந்து விட்டதில் மாலை முழுவதும் சோப்பு நுரைக்குள்ளிருந்து பார்ப்பதுபோல் இருந்தது. ஏழரை மணித் தொடர் போயிற்று. நானூற்றுப் பதினாறு பகுதிகளில் நான் தவறவிட்டது இது ஒன்றுதான். காலையில் மறு ஒளிபரப்பு வரும். அதில் பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 5, புதன்

பார்த்தேன். அகப்பட்டுக்கொண்டார்கள்.

அண்ணனும் தம்பியும் வாசலில் கட்டிப் புரளும்போது அண்ணனின் நீலச் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் பிய்ந்து உருள்கிறது. கேமரா அதன் பின்னாலேயே போகிறது. உடனே அடுத்த காட்சியில் மருத்துவமனை நடைவழி. அதே சட்டை, அதே கசங்கல், ஐந்து பொத்தானும் ஒழுங்காக இருக்கின்றன. தையல் ஆலையில் இருபத்தாறு வருடம் பொத்தான் பிரிவில் இருந்தவளிடமா இந்த விளையாட்டு?

ரசிகர் குழுவில் எழுதினேன். எட்டாயிரம் பேர் இருக்கிறோம். அங்கே எனக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். கேலியாக வைத்தார்கள், இப்போது மரியாதையாகச் சொல்கிறார்கள்.

மார்ச் 7, வெள்ளி

யாரோ அந்த வீடியோத் துண்டை வெட்டிப் போட, ஊரே சிரிக்கிறது. இரண்டு பேர் மட்டும், “சாயங்காலம் நடுவுல வேற ஒரு சீன் வந்துச்சே” என்றார்கள். தொடர் எடுக்கும் கம்பெனியின் ஆட்களாகத்தான் இருக்கும். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டார்கள்.

மார்ச் 8, சனி

மருமகன் வீடியோ கேம் ஆடினார். இருட்டு வீட்டில் ஒவ்வொரு அறையாக விளக்கேற்றும் ஆட்டம். முதல் அறையில் உடைத்த கண்ணாடி, இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோதும் உடைந்தே கிடந்தது. அதற்குப் பெயர் நேர்மை. தொடர் எடுப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். ஆனால் தோற்றதும் பழைய இடத்துக்குப் போய் மறுபடி தொடங்கினார். “அது எப்படி மாப்பிள்ளை நியாயம்?” என்றேன். “அத்தை, கேம்னா அப்படித்தான். உங்களுக்கு விளையாட்டுல கூட மன்னிப்பு கிடையாதா?” என்றார்.

பிறகு ஒரு படம். இரண்டரை மணி நேரம் அட்டூழியம் செய்தவன் கடைசிப் பத்து நிமிடத்தில் காலில் விழுந்து அழுகிறான். எழுதத் தெரியாதவன்தான் மன்னிப்பில் கொண்டுபோய் முடிப்பான்.

மார்ச் 10, திங்கள்

கவனக்குறைவுக்குக் காரணமானவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாகத் தொலைக்காட்சி நிறுவனம் அறிவித்தது. குழுவில் ஒரே கொண்டாட்டம்.

நான் பெயர்ப் பட்டியலைக் கடைசி எழுத்துவரை பார்ப்பவள். பள்ளிக்கூடம் என்னை ஐந்தாம் வகுப்போடு விட்டது. மிச்சத்தைப் படப் பெயர்களை எழுத்துக்கூட்டித்தான் கற்றேன். இன்று கடைசியிலிருந்து மூன்றாவது வரி இல்லை. ‘காட்சித் தொடர்ச்சிக் குறிப்பு’ என்று வரும், காட்சிக்குக் காட்சி எதுவும் மாறாமல் கவனிக்கிற வேலை, பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயர்.

சரி. வேலையில் தவறினால் அப்படித்தான்.

மார்ச் 11, செவ்வாய்

அந்தப் பெண் அழைத்தாள். குழுவில் என் எண்ணைப் பார்த்து எடுத்தாளாம்.

“அம்மா, அந்த ரெண்டு சீனுக்கு நடுவுல ஒரு நிமிஷம் இருக்கும்மா. மறு ஒளிபரப்புல விளம்பரத்துக்காக வெட்டிட்டாங்க. பேச்சே இல்லாத சீன்னா முதல்ல அதைத்தான் வெட்டுவாங்க. மேல இருக்கிறவங்க போன்ல சுத்துன துண்டைத்தான் பாத்தாங்க. நான் சொன்னா சாக்குங்கிறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. வெள்ளிக்கிழமை புது ஆளைப் போடுறாங்க.”

“நான் பார்த்ததைத்தான் எழுதினேன்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நான் பார்த்தது பொய்யா?

மார்ச் 12, புதன்

அவள் அந்தக் காட்சியை அனுப்பியிருந்தாள். காலையில் திறக்கவில்லை. மதியமும் திறக்கவில்லை. மகள் மருந்துக் கடையிலிருந்து வந்து, என்னைக் கேட்காமலே போட்டுவிட்டாள்.

மருத்துவமனை பெஞ்சு. அண்ணன் உட்கார்ந்திருக்கிறான். மனைவி கைப்பையிலிருந்து ஊசி எடுக்கிறாள். பேசவில்லை. சட்டை அவன் மேலேயே இருக்க, பொத்தானை வைத்துத் தைக்கிறாள். முடிச்சுப் போடுமுன் நூலைப் பொத்தானுக்கு அடியில், அதன் கழுத்தில் நான்கு சுற்று சுற்றுகிறாள். பல்லால் கடித்து அறுக்கிறாள், நெற்றி அவன் நெஞ்சில் பட. அப்போதுதான் அவன் அழுகிறான்.

நான்கு சுற்று. எங்கள் பிரிவில் அப்படித்தான் தைப்போம். நடிகைக்கு அதை யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

இத்தனை பகுதிகளில் இதைவிட நல்ல காட்சி இல்லை. அதைப் பார்க்காமல்தான்...

“இப்ப என்ன செய்யப் போற?” என்றாள் மகள்.

“வெட்டினது அவங்க. என்னை ஏன் கேக்குற?”

“எழுதினது நீ. பிடிச்ச பிடியை விடமாட்டியே. உன் ஆலையில இருந்த அந்த சூப்பர்வைசர் மாதிரியே பேசுறம்மா.”

சாப்பிடவில்லை. யாரைப் பார்த்து என்ன வார்த்தை சொல்லிட்டா. அந்த ஆளும் நானும் ஒண்ணா?

மார்ச் 13, வியாழன்

இருநூறு சட்டையில் பொத்தான் தளர்ந்திருந்ததாக அந்த ஆள் என் மேல் எழுதிக் கொடுத்தான். அது இரண்டாம் ஷிப்டின் சரக்கு. ஒரு வாரத்தில் அவனுக்கே தெரிந்துவிட்டது. பதினோரு வருடம் எனக்குப் பதவி உயர்வு இல்லை. ஓய்வு பெறும் நாளில் மாலையோடு வந்து, “பழசெல்லாம் மனசுல வச்சுக்காதம்மா” என்றான். எழுதியதை மட்டும் கடைசிவரை திருத்தவில்லை.

4ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். சொட்டு மருந்து என்று நானே எழுதி வைத்திருக்கிறேன், என் கையெழுத்தில்.

நிறுவனத்துக்கும் குழுவுக்கும் எழுதினேன். அழுகை, காலில் விழுதல் எதுவும் இல்லை. “4ஆம் தேதி மாலை ஒளிபரப்பை நான் பார்க்கவில்லை. பார்த்தது மறு ஒளிபரப்பு. நடுவில் ஒரு காட்சி வெட்டப்பட்டிருக்கிறது. அது இத்துடன் இருக்கிறது. குறிப்பு எழுதிய பெண்ணிடம் தவறில்லை. தவறு என்னுடையது. அந்த இருவர் சொன்னது சரி.”

கடைசி மூன்று வரிக்குத்தான் ஒரு மணி நேரம் ஆயிற்று.

மார்ச் 14, வெள்ளி

குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். ‘விலை போன பூதக்கண்ணாடி’யாம். போகட்டும்.

நிறுவனத்திலிருந்து பதில் இல்லை. பட்டியலில் மூன்றாவது வரியும் இல்லை.

மார்ச் 17, திங்கள்

இல்லை.

மார்ச் 20, வியாழன்

இல்லை. மறுபடி எழுதினேன். வருகிறவரை எழுதுவேன்.

மார்ச் 28, வெள்ளி

இன்றைய பகுதியில் தம்பி தேநீர்க் கோப்பையை இடது கையில் எடுக்கிறான். கேமரா திரும்பினால் வலது கையில் இருக்கிறது. குழு இல்லை, யாரிடம் சொல்ல? அந்த எண்ணுக்கே அழைத்தேன்.

“கோப்பை தானேம்மா? தெரியும். இது நிஜமாவே என் தப்பு. திரும்ப வேலைக்கு வந்து மூணாவது நாளே கோட்டை விட்டுட்டேன்.” பிறகு சிரித்தாள். “ஆமா, சாயங்காலமே பாத்தீங்களா, இல்ல மறு ஒளிபரப்பா?”

போனை வைத்துவிட்டேன்.

சாயங்காலமே பார்த்தேன். காலையிலும் பார்ப்பேன்.