வழியில் நிற்பவர் சொன்ன செய்தி

இன்று காலை வழிபாட்டில் இருந்தபோது மின்சாரம் நின்றது. பக்கத்துப் பனியன் கம்பெனியில் ஜெனரேட்டரை ஓட்டினார்கள். டீசல் புகை சாளரத்தின் வழியே வந்து சாம்பிராணி மணத்தோடு கலந்தது. பதிகத்தின் அடுத்த அடி நாவில் எழவில்லை. நெஞ்சில் நீங்கள் எழுந்தீர்கள்.

முதலிபாளையம் தொழிற்பேட்டையில் நாம் சேர்ந்து வேலை பார்த்த ஏற்றுமதி அலுவலகத்திலும் இதே நெடிதான். நான் கப்பல் ஆவணங்களைக் கவனிப்பவன். நீங்கள் கணினிகளைக் கவனிப்பவர். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கினாலும் மோடம் உயிர்பெறச் சற்று நேரமாகும். அந்த இடைவெளியில் நான் ஆவணம் அனுப்ப முயன்றால், 'அங்கே செல்ல வழியில்லை' என்று, இடையில் நின்று வழிகாட்டும் ரவுட்டர் கருவி செய்தி சொல்லும். கணினியின் இயங்குதளம் அதை நம்பி உடனே முயற்சியைக் கைவிடும். நானும் நம்பி, ஆவணத்தை அச்சிட்டுக் கூரியர் கடைக்கு ஆள் அனுப்புவேன். அவர் வாசலைத் தாண்டுமுன் இணைப்பு வந்திருக்கும்.

"ஏனுங்க, வழியில்லைன்னு அதுவே சொல்லிப்போடுச்சு. அப்பறம் எதுக்குங்க காத்துட்டு இருக்கோணும்?" என்று உங்களிடம் கேட்டேன்.

சிரித்தீர்கள். "சொன்னது யாரு அண்ணாச்சி? ரோட்டுல நிக்கவன். அவனுக்கு இப்ப வழி தெரியல, அவ்வளவுதான். வீட்டுக்காரனே கதவத் தொறந்து வராதியன்னு சொன்னா திரும்பிரலாம். அதுவரைக்கும் கேட்டத மனசுல வச்சிக்கிட்டுத் தட்டிட்டே இருக்கணும்."

அவ்வாறே இயங்குதளத்தை மாற்றியமைத்தீர்கள். வழியில் வரும் செய்தியை அது குறித்துக்கொள்ளும், முயற்சியை நிறுத்தாது, கெடு முடிந்தும் விடை வராவிட்டால்தான் என்னிடம் சொல்லும். தலைவன் வரமாட்டான் என்று ஊரார் சொன்ன பின்னும் கதவைச் சாத்தாத தலைவியரைப் பழம்பாடல்களில் படித்தவன் நான். அவர்களை உங்கள் இயந்திரத்தில் கண்டதாகச் சொன்னேன்.

"அந்த அம்மாவுக்கு டைம்-அவுட் கெடு எவ்வளவு அண்ணாச்சி?" என்றீர்கள்.

அந்தப் பொறுமையே ஒருநாள் உங்கள் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தது. கப்பல் முகவரின் கணினிக்கு இரண்டு முகவரிகள். முதலாவதை அவர்கள் கைவிட்டது நமக்குத் தெரியாது. 'வழியில்லை' என்ற செய்தி திரும்பத் திரும்ப வந்தும், நம் கணினி அந்தப் பாழ்வாசலையே தட்டி நின்றது. அடுத்த வாசல் திறந்தே கிடந்தது. கண்டெய்னர் தூத்துக்குடிக்குப் புறப்படும் நேரம் நெருங்க, முதலாளி உங்கள் மேசைக்கே வந்துவிட்டார்.

"தம்பி, இன்னைக்குப் பேப்பர் போகலீன்னா நாளைக்கு நீங்க வர வேண்டாமுங்க" என்றார், மரியாதை சிறிதும் குறையாமல்.

இரண்டாவது முகவரியை நீங்களே கையால் இட்டு அனுப்பினீர்கள், போய்ச் சேர்ந்தது. பிறகு மீண்டும் மாற்றி எழுதினீர்கள். வேறு முகவரி இருந்தால், 'வழியில்லை' என்றதுமே அடுத்ததற்கு நகர வேண்டும். ஒரே முகவரி என்றால் நின்று தட்ட வேண்டும்.

"காத்திருந்தது தப்பில்ல அண்ணாச்சி. வேற வாசல் இருக்கான்னு பாக்காம காத்திருந்தோம் பாத்தியளா, அதுதான் தப்பு."

பின்னர் நீங்கள் தெற்கே உங்கள் ஊருக்கே திரும்பிவிட்டீர்கள். அண்மையில் வெள்ளகோவில் பேருந்து நிறுத்தத்தில், நம் கம்பெனியின் பழைய தையல் மேற்பார்வையாளர் என்னை அடையாளம் கண்டு, "நம்ம கம்ப்யூட்டர்காரரு தவறிப் போயிட்டாருங்களாமா, சாமி" என்றார். கேட்டு மனத்தில் வைத்துக்கொண்டேன், நம்பவில்லை. அவரும் வழியில் நிற்பவர்தானே. உங்கள் எண்ணை அழைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி மறுபடி அழைத்தேன். ஒரு மாலை உங்கள் மகள் எடுத்தாள்.

"அப்பா இல்ல பெரியப்பா. போன மாசமே போயிட்டாவ."

வீட்டிலிருந்தே வந்த சொல். நீங்கள் வகுத்த முறைப்படி அங்கே திரும்பத்தான் வேண்டும். திரும்பிவிட்டேன், அந்த எண்ணை அதன்பின் நான் அழைத்ததில்லை.

ஆனால் உங்களுக்கென்று வைத்திருந்த பேச்சு அப்படியே இருக்கிறது. மனைவியும் மறைந்துவிட்ட இந்த வீட்டில் அதைக் கேட்பவர் எவருமில்லை. வேறு வாசல் உண்டா என்று பார்க்கச் சொன்னவரும் நீங்கள்தான். அதனால் மாலையில் விளக்கேற்றிய பின், உங்களிடம் சொல்ல வேண்டியதை இறைவனிடம் சொல்லி, உங்களிடம் சேர்ப்பிக்க வேண்டுகிறேன். விடை எதுவும் வரவில்லை. வழியில்லை என்று இதுவரை யாரும் சொல்லவுமில்லை.

தட்டிக்கொண்டிருக்கிறேன்.