ஒளிராத வால்

ஜூன் 7, வெள்ளி

இன்றும் இருட்டு. மைக்ராஸ்கோப் முன்னால் காலை முழுவதும் உட்கார்ந்ததில் கழுத்து வலிதான் மிச்சம்.

என் வேலை இவ்வளவுதான்: புற்றுநோய்ச் செல்களில் கண்டபடி பெருகும் ஒரு புரதத்தின் வாலில், பச்சையாக ஒளிரும் இன்னொரு புரதத்தைக் கட்டிவிட்டு, அது செல்லுக்குள் எங்கே போய்க் குந்துகிறது என்று பார்ப்பது. இரண்டையும் சேர்த்துச் செய்யும் கட்டளை பிளாஸ்மிட் என்ற வளைய டிஎன்ஏவில் இருக்கிறது. அதைச் செல்லுக்குள் ஏற்றியாயிற்று. விளக்குதான் எரியவில்லை.

செல்கள் சரியில்லை என்று கூட்டத்தில் சொல்லிவிட்டேன். செல் வளர்ப்பவன் ரமிரோ. இங்கே தப்பு யாருடையதோ, அவர்தான் அடுத்த வெள்ளி எல்லாருக்கும் பிறை ரொட்டி வாங்கி வரவேண்டும்.

"என் பிள்ளைங்களையா குத்தம் சொல்றே?" என்றான்.

ஜூன் 14

ரமிரோவின் ரொட்டி. புதுச் செல்கள். இருட்டு. இம்முறை பழியை, பிளாஸ்மிட்டைச் செல்லுக்குள் ஏற்றும் மருந்தின்மேல் போட்டேன். அதை வாங்கியவனும் அவன்தான், பாவம்.

ஜூன் 18

எங்கள் இயக்குநர் டாக்டர் ஒதிலியா கூப்பிட்டார். "பெலேன், ஜூலை பத்துக்குள்ள ஒரு படமாவது காட்டும்மா. இல்லேன்னா மார் தெல் பிளாட்டா மாநாட்டுக்கு ரமிரோவை அனுப்பிடறேன்."

என் முதல் மாநாடு! அம்மா எங்கள் ஊர் ரொசாரியோ முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள்.

"பிளாஸ்மிட்ல ஏதாவது..." என்று இழுத்தேன்.

"அது நான் கட்டினது."

முடிந்தது பேச்சு. வால் கட்டிய கையோடு அவர் இயக்குநராகிவிட்டார்; அதன்பின் அதை யாரும் ஏற்றிப் பார்த்ததே இல்லை. ஃப்ரீசரின் மேல் தட்டில் குலதெய்வம் மாதிரி இருக்கிறது.

ஜூன் 21

மறுபடி ரமிரோவின் ரொட்டி. "நான் ஆராய்ச்சிக்கு வந்தேனா, பேக்கரி வைக்க வந்தேனாடி?"

ஜூன் 24

டாக்டருக்குத் தெரியாமல் பிளாஸ்மிட்டின் டிஎன்ஏவைப் படிக்க வெளியே அனுப்பியிருந்தேன். முடிவு வந்தது. ஐயோ.

மரபணுவின் கடைசியில் 'போதும், நிறுத்து' என்று ஒரு சைகை உண்டு. வாலில் எதையாவது கட்டுவதானால் முதலில் அதை நீக்கவேண்டும். பாலபாடம் — டாக்டர் நீக்கவில்லை! செல் புரதத்தைச் செய்கிறது, சைகையைப் பார்க்கிறது, கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. விளக்குவரை வருவதே இல்லை.

ரமிரோவிடம் காட்டினேன். மாத்தே இலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவனுக்குப் புரையேறிவிட்டது.

"போய்ச் சொல்லு."

"நீ சொல்லேன்."

"எனக்கென்ன பைத்தியமா? நீ தோத்தா மாநாட்டுக்கு நான்தானே போறேன்!"

சொன்னானே தவிர, சைகையை நீக்கிப் புதிதாகக் கட்ட முதலில் கையுறை மாட்டியவன் அவன்தான்.

ஜூலை 4

எரிந்தது!!! பச்சைப் பசேல் என்று. வெட்கமில்லாமல் அழுதேன். "என் பிள்ளைங்கடி" என்று அவனும் மூக்கை உறிஞ்சினான்.

ஜூலை 5, வெள்ளி

டாக்டர் படத்தை வெகுநேரம் பார்த்தார். "எதை மாத்தினே?"

வாய்வரை வந்தது. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். "ஒண்ணுமில்ல டாக்டர், என் கைத்தப்புதான்" என்றேன். ரமிரோ மேஜைக்கடியில் என்னை உதைத்தான்.

மாநாடு எனக்கு. அடுத்த வெள்ளி ரொட்டியும் என் தலையில். ஏன் அப்படிச் சொன்னேன்? பயமா, பாசமா? தெரியவில்லை. ஆனால் புதுப் பிளாஸ்மிட்டின் குழாயில் பொய் எழுத முடியுமா? 'நிறுத்து சைகை நீக்கியது' என்று பொடி எழுத்தில் எழுதி, ஃப்ரீசரில் பழையதின் பக்கத்தில் வைத்தேன்.

ஜூலை 12, வெள்ளி

ரொட்டிப் பெட்டியோடு போனால், மேஜையில் ஏற்கெனவே மூன்று பெட்டிகள். டாக்டர் ஜூலைக் குளிருக்குப் போட்ட கோட்டைக்கூடக் கழற்றாமல் மாத்தேவுக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் யார் தப்புக்கு டாக்டர்?" என்றான் ரமிரோ. கொழுப்பு.

"ரெண்டு நீ வாங்கினதுக்கு. ஒண்ணு இவ சொன்ன பொய்க்கு. உக்காருங்க, சூடா இருக்கு."

சாயங்காலம் ஃப்ரீசரைத் திறந்தேன். மேல் தட்டில் பழைய குழாய் இல்லை. புதியது மட்டும் இருந்தது. மூடியில் டாக்டரின் கையெழுத்தில் 'பெலேன்' என்று எழுதியிருந்தது.